பல் துலக்க உகந்த வேளைகள்

சந்தையில் உழவு மாடு வாங்கச் செல்லும் குடியானவர் அதன் வாயைத் திறந்து பாராமல் விலை பேசுவதில்லை. இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று பல்லைக் கொண்டே அதன் வயதை மதிப்பிடுகிறார். ஆயினும் அவரே தம் பற்களையும் தம் குழந்தைகளின் பற்களையும் வலி கண்ட பின்னரே நினைக்கிறார். அறுப்புக் காலத்தில் கடைவாய்ப் பல் வலித்து, கன்னம் வீங்கி, களத்துக்கு வர இயலாமல் வீட்டில் முடங்கியவர் இல்லாத கிராமம் அரிது. அவ்வலியில் பெரும்பகுதி தடுக்கக் கூடியது. தடுப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வேளையறிந்து செய்வதே முக்கியம். விதைப்புக்குப் பருவம் இருப்பது போலவே பல் துலக்குவதற்கும் வேளை உண்டு.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல் துலக்குவது வைகறைக் கடமையாக நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தருவன என்று பெரியோர் கூறி வந்தனர். பல் துலக்காமல் எதையும் வாயிலிடலாகாது என்பது பல வீடுகளில் இன்றும் கட்டளை. இவ்வழக்கம் நல்லதே. ஆனால் காலையில் ஒரு முறை துலக்கியதும் அன்றைய கடமை முடிந்துவிட்டதாக எண்ணுவதே தவறு. பற்சொத்தையின் காரணத்தை ஆராய்ந்தால், இரவு உறங்கப்போகுமுன் துலக்குவது காலையில் துலக்குவதைவிடவும் அவசியம் என்பது விளங்கும்.

பல்லும் பாஸ்பேட்டும்

பல்லின் மேற்புறத்தை மூடியுள்ள எனாமல் என்னும் பூச்சு, உடம்பிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. அதன் எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். அது சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த அபடைட் வகையைச் சார்ந்தது. பாறைப் பாஸ்பேட்டில் அடங்கியுள்ளதும் இவ்வகைப் பொருளே. அப்பாறைப் பொடியை வெறுந்தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அநேகமாகக் கரைவதில்லை. கந்தகத் திராவகத்துடன் சேர்த்தாலோ, கரையுந்தன்மை பெற்றுச் சூப்பர் பாஸ்பேட் உரமாகிவிடுகிறது. பல்லும் அப்படியே, தண்ணீருக்கு அசையாது, புளிப்புக்கு இளகும்.

அப்புளிப்பு வாயிலேயே உற்பத்தியாகிறது என்பதை 1890-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் எடுத்துக் காட்டியவர் மில்லர் என்னும் அமெரிக்கப் பல் வைத்தியர். பெர்லின் நகரில் ஆராய்ச்சி நடத்திய அவர், பிடுங்கிய பற்களை உமிழ்நீரிலும் ரொட்டியிலும் ஊறவைத்து, அவை நாளடைவில் மென்மையாவதைக் கண்டார். பல்லின்மீது படியும் வழுவழுப்பான படலத்தில் கோடிக்கணக்கான நுண்கிருமிகள் வசிக்கின்றன. அவை சர்க்கரையையும் மாவுப்பொருளையும் உண்டு லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. பாலில் உறை ஊற்றி வைத்தால் காலையில் தயிராகப் புளித்திருப்பதற்குக் காரணமும் இதே அமிலந்தான்.

மண்ணின் களர்த் தன்மையைக் கணக்கிடும் அமிலக் குறியீட்டைக் கொண்டே வாயின் புளிப்பையும் அளக்கலாம். அக்குறியீடு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்குகிறது. ஸ்டீபன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1940-களில் இதை அளந்து பார்த்தார். இனிப்பு நீரால் வாய் கொப்பளித்த சில நிமிஷங்களுக்குள் குறியீடு கீழே இறங்கியது. பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பிடித்தது. ஆகவே சர்க்கரையின் மொத்த அளவோடு, நாளில் எத்தனை தடவை அது வாயிற் படுகிறது என்பதும் கணக்கில் சேரும். மணிக்கொரு தரம் இனிப்புத் தேநீர் அருந்துபவரின் பற்களுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

இரவில் நிகழ்வது

பகற்பொழுதில் பல்லைக் காப்பது உமிழ்நீர். அது புளிப்பை முறிக்கிறது. உணவுத் துணுக்குகளை அலசிச் செல்கிறது. கரைந்துபோன சுண்ணாம்புச் சத்தையும் மணிச்சத்தையும் ஓரளவு பல்லில் மீண்டும் சேர்க்கிறது. புளித்த நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவது போன்ற வேலை அது. உறங்கும்போதோ உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்து ஏறக்குறைய நின்றேவிடுகிறது. மடை அடைபட்ட வாய்க்காலில் நீர் தேங்குவதுபோல், படுக்கைக்கு முன் உண்ட சோறும், பாலிற் கலந்த சர்க்கரையும், கடித்த கடலை உருண்டையும் பல்லிடுக்கில் தங்கிப் பல மணி நேரம் புளிக்கின்றன. பல்லுக்குக் காவல் இல்லாத வேளை அதுவே. காவல் இல்லாத களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு உறங்கும் குடியானவர் இல்லை. வாயின் விஷயத்திலும் அவ்வெச்சரிக்கை வேண்டும்.

ஆகவே இரவு உணவுக்குப் பின், படுக்கைக்குச் செல்லுமுன் துலக்குவதே முதன்மையான வேளை. அதன்பின் தண்ணீரைத் தவிர வேறெதையும் வாயில் இடலாகாது. முறைத் தண்ணீர் பாய்ச்சவும் பயிர்க் காவலுக்கும் சென்று விடியும் தறுவாயில் படுப்பவர்கள், படுக்கும் அப்பொழுதே துலக்கிக்கொள்ள வேண்டும். இங்கே கணக்கு கடிகாரத்தைப் பொறுத்ததன்று, உறக்கத்தைப் பொறுத்தது.

காலையும் நண்பகலும்

இரண்டாவது வேளை காலை. எழுந்தவுடன், காப்பியோ கூழோ அருந்துமுன் துலக்கும் பழைய வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை; இரவில் படிந்த படலம் அப்போது நீங்கிவிடுகிறது. காலை உணவுக்குப் பின்னரே துலக்க விரும்புகிறவர்கள் சற்றுப் பொறுத்துத் துலக்குவது நலம். எலுமிச்சை, புளி முதலிய புளிப்பானவற்றை உண்ட உடனே எனாமல் இளகியிருக்கும். அச்சமயம் அழுத்தித் தேய்த்தால், ஈரத்தில் உழுத நிலம் கெடுவதுபோல், மேற்பூச்சு தேயும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குவதே தகும். வாந்தியெடுத்த பின்னும் இவ்விதியே பொருந்தும்.

நண்பகல் உணவுக்குப் பின் துலக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நல்ல நீரால் நன்றாகக் கொப்பளித்தாற் போதும். உண்டபின் வாய் கொப்பளிக்கும் நம்மவர் வழக்கம் இவ்வகையில் பிரயோஜனமுள்ளதே.

எதனால், எவ்வாறு துலக்குவது

பல வீடுகளில் உமிக்கரி இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. நெல்லுமியில் மணற்சத்தான சிலிக்கா மிகுதி. எரித்த பின் கரியிலும் அது தங்கிவிடுகிறது. உமிக்கரி, செங்கற்பொடி, மணல் ஆகியவை பல்லை வெண்மையாகக் காட்டினும் எனாமலைத் தேய்த்து, நாளடைவில் கூச்சத்தை உண்டாக்கும். புகையிலை கலந்த பற்பொடியை அறவே தள்ள வேண்டும். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசாங்கம் 1992-ல் தடை செய்தது. வேப்பங்குச்சியால் துலக்குவோர் அதன் நுனியை மென்று பஞ்சுபோல் மிருதுவாக்கி, ஈறு கிழியாதவாறு கையாள வேண்டும்.

மென்மையான தூரிகையும் புளோரைடு சேர்ந்த பசையுமே இன்று சிறந்தவை எனக் கருதப்படுகின்றன. பத்து லட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு வரை புளோரைடு உள்ள பசையால் நாளைக்கு இரு முறை துலக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்கிறது. 2021-ல் அந்நிறுவனம் இவ்வகைப் பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷம், பல்லும் ஈறும் சேருமிடத்திலும் கடைவாயின் உட்புறத்திலும் மெதுவாகத் துலக்க வேண்டும். முடிந்ததும் நுரையைத் துப்பிவிட்டு நிறுத்திக்கொள்வது மேல். நிறையத் தண்ணீர் விட்டு அலசினால், இட்ட உரத்தை உடனே வெள்ளம் கொண்டுபோனதுபோல் மருந்தின் பயன் குறைந்துவிடும்.

ஈற்றில் இரத்தம் கசிவதைக் கண்டு துலக்குவதையே நிறுத்திவிடுவோர் உண்டு. அது நோயை வளர்ப்பதாகும். படலம் இறுகிக் காரையாகி ஈற்றைப் புண்ணாக்கியதன் அறிகுறியே அநேகமாக அக்கசிவு. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறுநோய் மிகுதியாக வருவதோடு, ஈறுநோயால் நீரிழிவும் அடங்காமற் போகும். அத்தகையோர் பல் வைத்தியரைத் தாமதமின்றி அணுக வேண்டும்.

குழந்தைகள்

பால் பற்கள் இருபதும் விழுந்துவிடுபவைதாமே என்று அவற்றை அசட்டை செய்வது பெரும்பிழை. அவை சொத்தையானால் குழந்தை உண்ணாது, உறங்காது. ஆறு வயதளவில் அவற்றிற்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல், எந்தப் பாற்பல்லும் விழாமல் வருவதால், பாற்பல் என்றே பலரால் எண்ணப்படுகிறது. அது நிலையான பல். போனால் மீண்டும் முளைக்காது. சர்க்கரையிட்ட பாற்புட்டியை வாயில் வைத்தபடி குழந்தையை உறங்கவிடுதல் கூடாது. மூன்று வயது வரை அரிசிமணி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் பசை போதும். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிட வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

புளோரைடு அளவோடு இருக்கையில் மருந்து, மிகுந்தால் தீங்கு. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், கிணற்று நீரிலிருந்த அதிகப் புளோரைடால் பற்கள் கறைபட்டு எலும்பு மூட்டுகளும் விறைத்துப்போன நிலையை 1937-ல் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் விவரித்தனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களிலும் இத்தொல்லை அறியப்பட்டதே. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குழந்தைகளின் பற்களில் வெண்புள்ளியோ பழுப்புக் கறையோ பரவலாகக் காணும் ஊர்களில், குடிநீரைச் சோதனைக்கு அனுப்பி மாற்று நீருக்கு ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் பொறுப்பு. பள்ளிக்கூடங்களில் மதிய உணவுக்குப் பின் கொப்பளிக்கத் தக்க நீர் கிடைக்கிறதா என்பதையும் அவர்கள் பார்வையிடலாம்.

பிடுங்கிய நாற்றின் இடத்தில் வேறு நாற்றை நடலாம்; பிடுங்கிய பல்லின் இடத்தில் முளைப்பது ஒன்றுமில்லை. முதிய வயதில் கேழ்வரகுக் களியும் கடலையும் தம் பல்லாலேயே மென்று உண்ண விரும்புகிறவர்கள், விளக்கை அணைக்குமுன் இரண்டு நிமிஷங்களை அதற்கென ஒதுக்கிக்கொள்வார்களாக.