மீன்தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி

மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் கடல்மீன் வளர்க்க விழைவோர், கண்ணாடித் தொட்டியின் அழகை எண்ணுமுன் அதன் கீழே மறைந்திருக்கும் அடித்தொட்டியை எண்ணுதல் வேண்டும். மேல்தொட்டியில் வழியும் நீர் குழாய் வழியே அதற்குள் இறங்கி, அழுக்கு நீங்கி, மின்பம்பியால் மீண்டும் மேலேற்றப்படுகிறது.

அடித்தொட்டியின் ஓர் அறை கடற்பாசிக்குரிய புகலிடம். மீன் நுழையாத அவ்விடத்தில் நுண்ணுயிர்கள் அச்சமின்றிப் பெருகி, நீரோடு மேலே சென்று மீனுக்கு இரையாகின்றன. மீன் கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்றைப் பாசி உண்டு தழைக்கிறது. தழைத்ததை அறுத்து அகற்றாவிடில் அது அழுகி, உண்டதையெல்லாம் நீருக்கே திருப்பித் தந்துவிடும். 1850ஆம் ஆண்டளவில் லண்டனில் ரொபர்ட் வாரிங்டன் தங்கமீனையும் நீர்ச்செடியையும் நத்தையையும் ஒரே பாத்திரத்தில் வாழவைத்ததும் ஏறத்தாழ இந்தக் கணக்கே.

கணக்குப் பிழைப்பது மின்சாரம் நிற்கும்போதுதான். 2022இல் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்ததை எவரும் மறந்திரார். பம்பி நின்றதும் மேல்தொட்டியில் வழிவிளிம்புக்கு மேலுள்ள நீர் இறங்கிவிடும். நீரேற்றும் குழாயின் வாய் ஆழத்தில் இருப்பின், அதன் வழியேயும் பின்னோக்கி இறங்கும். 100 சென்றிமீற்றர் நீளமும் 40 சென்றிமீற்றர் அகலமும் உள்ள தொட்டியில் 3 சென்றிமீற்றர் தாழ்ந்தால் இறங்குவது 12 லீற்றர். 60க்கு 30 அளவுள்ள அடித்தொட்டியில் அது ஏறக்குறைய 7 சென்றிமீற்றர் உயரும். குழாய்களில் நிற்கும் நீரையும் சேர்த்து 10 சென்றிமீற்றராவது வெறுமையாக விடுதல் தகும். இல்லையேல் உப்புநீர் கீழ்வீட்டாரின் தலைக்கு மேலே கசியும். ஏற்றுகுழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிட்டால், நீர் அதுவரை தாழ்ந்ததும் காற்றுப் புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அத்துளையைப் பாசி அடைத்துவிடுவதும் உண்டு. மீன் வாங்குமுன் ஒருநாள் மின்தொடுப்பை வேண்டுமென்றே துண்டித்து, நீர் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்வது நன்று.