ஒரு லிட்டர் காவிரியில் எந்தெந்த மீன்?

மேட்டூர் போனவர்கள் அணையைப் பார்க்காமல்கூடத் திரும்பியிருக்கலாம். மீன் வறுவல் சாப்பிடாமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அதே காவிரிக்கே உரிய ஒரு மீன், 50 கிலோவைத் தாண்டி வளரக்கூடியது, இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. கூன்முதுகு மஷீர். 2018-ல் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில், மிக மோசமான ஆபத்தில் உள்ளவற்றின் வரிசையில் சேர்ந்தது.

இவ்வளவு அரிதான மீனை வலை வீசித் தேடினால், தேடலே அதற்கு எமனாகிவிடும். வலையே இல்லாமலும் தேடலாம். மீனின் சளி, செதில், கழிவு வழியாக அதன் டி.என்.ஏ. தண்ணீரில் கலக்கிறது. ஓரிரு லிட்டர் தண்ணீரை வடிகட்டி, அந்த டி.என்.ஏ.வைப் படித்தால் எந்த மீன் என்று தெரிந்துவிடும். 2008-ல் பிரான்ஸில் குளத்துத் தவளைகளை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் சிலிகா ஏரியில் இதைச் செய்திருக்கிறார்கள்.

மேட்டூரில் ஒரு சிக்கல் உண்டு. மீன் கடையில் கழுவிய தண்ணீர் ஆற்றில் கலந்தால், காவிரியில் வஞ்சிரம் நீந்துவதாகக்கூட முடிவு வரும்! அதனால் கடைகளுக்கு மேலே தண்ணீர் எடுக்க வேண்டும். ஆறு டி.என்.ஏ.வை அடித்துக்கொண்டும் வரும்; மீன் பல கிலோமீட்டர் மேலே இருக்கலாம். அது குஞ்சா, பெரிய மீனா என்பதையும் தண்ணீர் சொல்லாது. அதைப் பரிசலில் போகும் மீனவரிடம்தான் கேட்க வேண்டும்.