மாடி கட்டப் போறீங்களா? சுவரை இடிக்கும் முன் பாலிசியை எடுத்துப் பாருங்க!

கடலூர்:

வீட்டுக்கு மேல ஒரு மாடி எடுக்கணும், பின்னாடி ஒரு ரூம் போடணும் என்றால் நம்ம ஊரில் முதலில் பார்ப்பது வாஸ்து நாள். அப்புறம் மேஸ்திரியிடம் பேச்சு, நகைக்கடன், சீட்டுப் பணம், கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட். இத்தனையும் பார்ப்பவர்கள் பீரோவுக்குள் கிடக்கும் ஒரு காகிதத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதுதான் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி. வேலை நடக்கும் அந்த 4, 5 மாதத்தில்தான் வீட்டுக்கு ஆபத்து அதிகம். அதே நேரத்தில்தான் இந்த பாலிசி பல விஷயங்களில் கைவிரிக்கும்.

"எங்க வீட்டுக்கு இன்சூரன்ஸே கிடையாதே" என்பவர்கள் கொஞ்சம் பொறுங்க. பேங்க் லோனில் கட்டிய வீடு என்றால், லோன் போடும்போதே பாலிசி எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. இதில் ஒரு பெரிய குழப்பமும் இருக்கிறது. லோன் வாங்கியவர் இறந்துவிட்டால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு ஒன்று. வீட்டுக்கே சேதம் வந்தால் பணம் தரும் காப்பீடு இன்னொன்று. முதலாவது மட்டும் இருந்தால் செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட வராது. எது இருக்கிறது என்று பேங்கில் கேட்டு நகல் வாங்கிடுங்க.

10 சதவீத கணக்கு

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு கம்பெனிகள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்கின்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்தது. தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், வெடி விபத்து எல்லாம் இதில் வரும். 2011 டிசம்பர் 30-ந்தேதி 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வீட்டின் உள்பரப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடும்படி கட்டினால், கூடுதல் பிரீமியம் கட்டி அதை பாலிசியில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் புதிதாகக் கட்டிய பகுதிக்கு காப்பீடு இல்லை.

600 சதுர அடி வீடு என்று வையுங்க. 10 சதவீதம் என்பது 60 சதுர அடி. பத்துக்கு ஆறு. ஒரு சின்ன ரூமுக்கே சரியாப் போச்சு. மேலே 500 சதுர அடியில் ஒரு போர்ஷன் எடுத்தால்? கம்பெனிக்குத் தெரியாமல் கட்டிய அந்த மாடி புயலில் போனால், போனது போனதுதான்.

குழி தோண்டினால் விரிசல்

அடுத்து இன்னும் முக்கியமான விஷயம். பூமி இறங்கி வீடு சேதமானால் பாலிசி பணம் தரும். ஆனால் அது இறங்கியதற்குக் காரணம் இடிப்பு வேலை, கட்டுமான வேலை, பள்ளம் தோண்டியது என்றால் தராது. மட்டமான சாமான், தப்பான டிசைன் என்றாலும் அதே கதைதான். பில்லருக்குக் குழி எடுத்தபோது பழைய சுவர் விரிசல் விட்டால் உங்க கைக்காசுதான்.

கூரையைப் பிரித்துப் போட்டிருக்கும்போது மழை பெய்து டி.வி., பீரோ, மெத்தை எல்லாம் நனைந்துவிட்டால்? இது புயல் சேதமா, வேலையால் வந்த சேதமா என்று சர்வேயர் கேட்பார். இழுபறி அங்கேதான் ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கூரையைத் திறந்து வைக்காமல் இருப்பது எந்த பாலிசியையும் விட மேல்.

திருட்டும் அப்படித்தான். புயல், தீ மாதிரி சம்பவம் நடந்து 7 நாளைக்குள், அதன் காரணமாகத் திருடு போனால் மட்டுமே இந்த பாலிசியில் கிடைக்கும். வாசலில் அடுக்கிய கம்பியை ராத்திரியில் எவனோ ஆட்டோவில் ஏற்றிப் போனால் கிடைக்காது. வேலை முடியும் வரை குடும்பத்தோடு வாடகை வீட்டுக்குப் போகிறவர்களும் கவனிக்கணும். 30 நாளைக்கு மேல் ஆள் இல்லாமல் வீடு கிடந்தால் காப்பீடு நின்றுவிடும் என்பது தீ பாலிசிகளில் பழைய நிபந்தனை. உங்க பாலிசியில் என்ன போட்டிருக்கு என்று படிக்கச் சொல்லிக் கேளுங்க.

தனி பாலிசி

வேலைக்கென்றே 'காண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்று ஒரு பாலிசி இருக்கிறது. பேரைப் பார்த்து பெரிய பாலத்துக்கும் அடுக்குமாடிக்கும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கும் கேட்கலாம். கட்டிக்கொண்டிருக்கும் பகுதி, சைட்டில் உள்ள சாமான், அடுத்தவர்களுக்கு வரும் சேதம் எல்லாம் இதில் சேரும். ஆனால் ஏற்கனவே இருக்கும் உங்க கீழ்த்தள வீடு தானாக சேராது. 'சுற்றியுள்ள சொந்த சொத்து' என்று கேட்டுச் சேர்க்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் உங்க குழியால், அதிர்வால் சாய்ந்தாலும் அப்படித்தான். அதையும் தனியாக எழுதி வாங்கினால்தான் செல்லும். ஒட்டு ஒட்டாக வீடு இருக்கும் நம்ம தெருக்களில் இந்த ஒரு வரிக்காகத்தான் சண்டை போலீஸ் ஸ்டேஷன் வரை போகுது.

பணம் இல்லாமல் வேலை பாதியில் நின்றால், நின்றதால் வரும் சேதத்துக்கு இந்த பாலிசி பொறுப்பு இல்லை. மாடியில் குடியேறிவிட்டால் இதன் காலமும் முடிந்துவிடும். அன்றைக்கே வீட்டு பாலிசியில் மாடியை ஏற்றிடணும்.

சாரத்தில் இருந்து கொத்தனாரோ சித்தாளோ விழுந்தால் வேறு பாலிசி. தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி மேஸ்திரி எடுத்திருக்காரா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்க. இல்லை என்றால் யார் எடுப்பது என்று பேசி ஒப்பந்தத்தில் எழுதிடுங்க. "நல வாரிய கார்டு இருக்கு சார்" என்பார்கள். அது தொழிலாளிக்குக் கிடைக்கும் அரசு உதவி. உங்க மேல் வரும் இழப்பீட்டுக் கேஸை அது தடுக்காது.

என்ன செய்யணும்?

கடப்பாரை வைக்கும் முன் கம்பெனி கிளைக்கு ஒரு லெட்டர். பாலிசி நம்பர், என்ன வேலை, எத்தனை சதுர அடி, எப்போது ஆரம்பம், எப்போது முடியும், வீட்டில் ஆள் இருப்பாங்களா இல்லையா. இவ்வளவு போதும். கட்டிட அனுமதி நகலும் இணைங்க. ஏஜென்ட் போனில் "பார்த்துக்கலாம்ணே" என்று சொல்வது கணக்கில் வராது. பாலிசியில் மாற்றம் செய்து தரும் காகிதத்துக்கு 'எண்டார்ஸ்மெண்ட்' என்று பேர். அது கைக்கு வரணும். வீட்டை நாலு பக்கமும் செல்போனில் தேதி விழும்படி போட்டோ எடுங்க. கம்பி, சிமெண்ட் பில்லைத் தூக்கிப் போடாதீங்க. சேதம் வந்தால் உடனே தகவல் சொல்லணும், சர்வேயர் வரும் வரை இடிபாட்டை அள்ளக்கூடாது.

கம்பெனி பணம் தர மறுத்தால் முதலில் கம்பெனியிலேயே எழுத்துமூலம் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்து ஓராண்டுக்குள் போகணும். ரூ.50 லட்சம் வரை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ஆணையத்தின் 155255 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம். எங்கே போனாலும் வேலை ஆரம்பிக்கும் முன் கம்பெனிக்குச் சொன்னீங்களா என்ற கேள்வி வரும். அதனால அந்த லெட்டரைக் கொடுக்கும்போதே நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கோங்க.