எந்தப் பக்கம் உயரம்?

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் நண்பர், பேரனோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பத்திரிகையில் அணைகளின் நீர்மட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கண்ணம்பாடி நிரம்பினால் 124.80 அடி. நம் மேட்டூர் நிரம்பினாலும் 120 அடிதான். யாரிடம் தண்ணீர் அதிகம் என்று இதிலேயே தெரிகிறதே, ஸார்!"

தாத்தாவின் இந்தக் கணக்கைப் பையன் பள்ளிக்கூடத்திலும் சொல்லி, பக்கத்து பெஞ்சுப் பையனோடு கைகலந்திருக்கிறானாம். ஆறாம் வகுப்பு. நீளம், அகலம், உயரம் இப்போதுதான் பாடம்.

ஒரு தீப்பெட்டியை எடுத்து முதலில் படுக்க வைத்தேன். பிறகு நிமிர்த்தி வைத்தேன். "எது உயரம்?" பையன் விழித்தான். நூலில் கட்டிய தூக்குக்குண்டு எந்தத் திசையில் தொங்குகிறதோ, அந்தத் திசையில் அளப்பதுதான் உயரம். பெட்டியைப் புரட்டினால் உயரமும் மாறிவிடும். மீதி இரண்டில் பெரியதை நீளம் என்றும் சிறியதை அகலம் என்றும் சொல்வது வழக்கம், அவ்வளவுதான். ரயில் பாதையில் நீளம் என்பது வண்டி போகும் திசை. அதன் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டையின் நீளமோ பாதையின் அகலவாட்டில் இருக்கும்!

உயரத்தில் இன்னொரு சங்கதி உண்டு. எங்கிருந்து அளந்தது என்று கேட்டாக வேண்டும். சாமுண்டி மலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 அடி. மைசூர் நகரமே 2,500 அடியில் இருப்பதால், நம் கண்ணுக்குத் தெரிவது ஆயிரம் அடி சொச்சம்தான். இதை நான் வேலையில் பட்டுத்தான் கற்றேன். பாதைக்குப் போடும் ஜல்லியைக் குவியல்களாக அடுக்கி, நீளம், அகலம், உயரம் அளந்துதான் பணம் கொடுப்போம். ஒரு காண்டிராக்டர் மண்மேட்டின் மேலேயே ஜல்லியை அடுக்கியிருந்தார். டேப் சரியான உயரத்தைத்தான் காட்டியது. உள்ளே பாதி மண். கடப்பாரையால் குத்திப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இனி அணைக்கு வருவோம். 1,000 அடி நீளம், 1,000 அடி அகலம், 1,000 அடி உயரம் உள்ள ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உயரத்துக்குச் சாமுண்டி மலையையே வைத்துக்கொள்ளலாம். அதில் பிடிக்கும் தண்ணீர் நூறு கோடி கன அடி. பத்திரிகைகள் சொல்லும் ஒரு டி.எம்.சி. இதுதான். 1911இல் வேலை தொடங்கிய கண்ணம்பாடியின் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. 1934இல் முடிந்த மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

124.80 அடி என்பது உயரம் ஒன்றுதான். அணைச் சுவரின் நீளமும் உதவாது. சுமார் 8,600 அடி நீளமுள்ள கண்ணம்பாடிச் சுவர், மேட்டூரின் 5,300 அடியைவிட நீளம். தண்ணீர் நிற்பது சுவருக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில். அந்தப் பள்ளம் தீப்பெட்டி போல இருக்காது. வாணலி போல மேலே போகப் போக விரியும். அதனால் எஞ்சினியர்கள் ஒவ்வொரு மட்டத்திலும் நீர்ப்பரப்பைக் கண்டுபிடித்து, தோசைகளை அடுக்குவது போல ஒவ்வோர் அடுக்காகக் கூட்டிக் கொள்ளளவு காண்கிறார்கள். (அடியில் வண்டல் சேர்ந்தால், மட்டம் அதே எண்ணைக் காட்டும்போதே தண்ணீர் குறைந்திருக்கும். மண்மேட்டு ஜல்லிக் கதைதான்.)

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் மேட்டூரில் ஓர் அடி ஏறியது என்று போடுகிறார்களே, அது எவ்வளவு தண்ணீர்?" என்று கேட்டார்.

"எந்த அடி என்று சொல்லுங்கள்" என்றேன். 40லிருந்து 41க்கு ஏறுவதைவிட, 119லிருந்து 120க்கு ஏறப் பல மடங்கு தண்ணீர் வேண்டும். பையன் அதற்குள் வாணலியின் படத்தைப் போட்டு, குறுக்கே கோடுகள் கிழிக்க ஆரம்பித்திருந்தான்.