இயங்குதள மாற்றமும் தமிழ் ஆய்வுத் தரவுகளும்: காவிரிப் படுகை ஆவண ஆய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவுற்றது. கணினியைப் புதிய இயங்குதளத்திற்கு மாற்றுவதா, பழையதிலேயே தொடர்வதா என்னும் வினா தமிழ் ஆய்வாளர்க்கு வெறும் கருவி பற்றியதன்று. முப்பதாண்டுகளாகப் பல்வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சிடப்பட்ட கல்வெட்டு, சுவடி, நில ஆவணத் தரவுகளின் எதிர்காலம் அதனோடு பிணைந்துள்ளது. உரையை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்த பின்னரே இயங்குதளத்தை மாற்றுதல் வேண்டும் என்பதையும், அதற்கான காரணங்களையும் வழிமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், ஒருங்குறி, எழுத்துருக் குறியாக்கம், கிரந்தம், நில அளவை, முகத்தலளவை, தஞ்சாவூர்.

முன்னுரை

தஞ்சாவூர் ஆவண ஆய்வுக்கு வளமான நிலம். பெரிய கோயிலின் கல்வெட்டுகள், சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகளும் மராத்தியர் கால மோடி ஆவணங்களும், 1981இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல், ஓலைச்சுவடித் துறைப் பணிகள் ஆகியன இப்பகுதி ஆய்வின் அடித்தளங்கள். இவற்றைப் பயன்படுத்துவோர் படியெடுத்த பாடங்களும், சேர்த்த அட்டவணைகளும், எழுதிய ஆய்வேடுகளும் 1990களின் நடுப்பகுதி தொடங்கிக் கணினியில் ஏறின. அவற்றுள் கணிசமானவை இன்றும் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில்தான் உள்ளன. எனவே, ‘மாற்றலாமா?’ என்று கேட்பதற்கு முன் ‘எதை மாற்ற வேண்டியுள்ளது?’ என்று கேட்பது தேவையாகிறது.

1. ஆதரவு முடிவின் பொருள்

ஆதரவு முடிந்தது என்பதால் கணினி நின்றுவிடுவதில்லை. புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்பதே அதன் பொருள். இதன் விளைவை 2017 மே மாதத்தில் பரவிய வான்னாகிரை தாக்குதல் காட்டியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளிவந்திருந்தது. அதை நிறுவாத கணினிகளின் கோப்புகள் பூட்டப்பட்டு, மீட்கப் பணம் கேட்கப்பட்டது. பல ஆண்டு உழைப்பில் திரட்டிய தரவுகளை ஒரே கணினியில் வைத்திருக்கும் ஆய்வாளர்க்கு இது தொலைவிலுள்ள ஆபத்தன்று. பழைய இயங்குதளத்தில் தொடர்வதும் ஒரு முடிவே. அதற்கும் ஒரு விலை உண்டு.

மறுபுறம், விண்டோஸ் 11 எல்லாக் கணினிகளிலும் முறைப்படி ஏறுவதில்லை. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றோடு, இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும். அத்தலைமுறை 2017இல் வந்ததாகும். அதற்கு முற்பட்ட கணினிகள் துறைகளிலும் வீடுகளிலும் நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருப்பதே சிக்கலை இரட்டிப்பாக்குகிறது.

2. உரை எங்கே கட்டுண்டிருக்கிறது?

ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலோ, அவற்றையடுத்த மேல்வரிசை இடங்களிலோ தமிழ் வடிவங்களை வைத்தன. பாமினி எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’ என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தோன்றும். கோப்பில் உண்மையில் பதிவாகியிருப்பது அதுவே. தமிழ், எழுத்துரு தரும் தோற்றம் மட்டுமே. வானவில், ஸ்ரீலிபி, இளங்கோ போன்றவற்றின் எழுத்துருக்களும் தத்தமக்குரிய இட ஒதுக்கீடுகளைக் கொண்டிருந்தன.

இந்நிலையைச் சீராக்க, 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் இரு குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 2010இல் ஒருங்குறியும் டேஸ்16 குறியாக்கமும் அரசின் தரங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றுள் டேஸ்16, ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது; எனவே அதற்கெனச் செய்த எழுத்துரு இல்லாத இடத்தில் அதுவும் படிக்க இயலாததாகும். ஆகவே 1996இல் தொடங்கி 2012இல் ஓய்வுபெற்ற ஒருவரின் கணினியில் நான்கைந்து குறியாக்கங்கள் கலந்திருப்பது இயல்பு.

3. இயங்குதளம் மாறும்போது எது நிற்கும்?

பழைய எழுத்துருக் கோப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11இலும் நிறுவத்தக்கவை. எனவே வேர்ட் கோப்புகள் பெரும்பாலும் திறந்து படிக்கத்தக்கனவாகவே இருக்கும். இடர்ப்பாடு மென்பொருளில் உள்ளது. விண்டோஸ் 11 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. 16 பிட் நிரல்கள் அதில் இயங்கா. விண்டோஸ் 10க்கு 32 பிட் பதிப்பு இருந்தமையால் அவற்றுட் சில அங்கே இன்னும் உயிரோடிருந்தன. அக்காலத் தமிழ்ச் சொற்செயலிகள், விசைப்பலகை இயக்கிகள், கணினியின் பின்புறச் செருகியில் வன்பூட்டுப் பொருத்தினால் மட்டும் இயங்கும் தொகுப்புகள் ஆகியவை இந்த இடத்தில் நின்றுபோகக்கூடும். நூல் வடிவமைப்புக்குப் பெரிதும் பயன்பட்ட பேஜ்மேக்கரின் இறுதிப் பெரும்பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதன் கோப்புகளைப் பழைய தோற்றத்திலேயே திறக்க அம்மென்பொருள் இயங்கும் கணினி ஒன்று இருத்தல் நலம்.

பிடிஎஃப் படி இருப்பதால் கவலையில்லை என்று கருதுவோரும் உளர். பழைய எழுத்துருவில் உருவான பிடிஎஃப் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, படியெடுத்து ஒட்டினால் பொருளற்ற எழுத்துகளே வரும். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியைக் கட்டாயமாக்கின. அவ்வாறு சேர்ந்த தமிழ் ஆய்வேடுகளுள் பழைய எழுத்துருவில் அமைந்தவை, தேடுவார்க்குப் புலப்படாமலே கிடக்கின்றன.

4. நெல்லும் நிலமும்: புதிய குறிகள் எதைச் சார்ந்தவை?

காவிரிப் படுகையின் ஆவணங்கள் பெரிதும் நிலத்தையும் நெல்லையும் பற்றியவை. வேலி, மா, காணி, முந்திரி என நிலமும், கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி, உழக்கு, ஆழாக்கு, செவிடு என நெல்லும் அளக்கப்பட்டன. ஒரு வேலியில் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இவற்றிற்கெனத் தனிக்குறியீடுகள் வழங்கின. பழைய எழுத்துருக்களில் அவை பெரும்பாலும் இல்லாமையால், குறியை ஒத்த வேறோர் எழுத்தை இடுதல், படமாக ஒட்டுதல், சொல்லாக விரித்தல் என்னும் மூன்று வழிகளே தட்டச்சிடுவோர்க்கு இருந்தன.

2019இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 ‘தமிழ்த் துணைத்தொகுதி’ என்னும் புதிய பகுதியில் 51 குறிகளைச் சேர்த்தது. பின்னக் குறிகளோடு நெல், செவிடு, ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி, நன்செய் முதலியனவும் இதில் இடம்பெற்றுள்ளன. இக்குறிகளைப் பயன்படுத்த இயங்குதளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இவை தனித்து நிற்கும் குறிகள். நோட்டோ சான்ஸ் தமிழ்த் துணைத்தொகுதி போன்ற இலவச எழுத்துருவை நிறுவினால் விண்டோஸ் 10இலும் தோன்றும்.

கிரந்தத்தின் நிலை வேறு. 2014இல் ஒருங்குறி 7.0இல் சேர்ந்த கிரந்தத்தில் எழுத்துகள் கூடிக் கூட்டெழுத்துகள் ஆகின்றன. அவற்றை இணைத்துக் காட்ட எழுத்துரு மட்டும் போதாது. இயங்குதளத்திலோ மென்பொருளிலோ உள்ள வடிவமைப்புப் பொறியும் துணைநிற்க வேண்டும். விண்டோஸில் அத்தகைய பொதுப்பொறி 2015இல் விண்டோஸ் 10உடன் வந்தது. ஆகவே விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாறியது கல்வெட்டாய்வாளர்க்கு உண்மையான பயனைத் தந்தது. 10இலிருந்து 11க்கு மாறுவதில் அதற்கிணையான மொழிசார் பயன் இல்லை. அதற்குரிய காரணம் பாதுகாப்பு ஒன்றே. இவ்வேறுபாட்டை உணர்ந்தால் அவசரமும் அச்சமும் குறையும்.

5. குறியாக்க மாற்றத்தில் நேரும் பிழைகள்

மாற்றிகள் பல இலவசமாகக் கிடைப்பினும் அவற்றின் வெளியீட்டை அப்படியே ஏற்றல் ஆகாது. குறிப்பாக நான்கு இடங்களைச் சரிபார்த்தல் வேண்டும்.

முதலாவது, ஔகாரம். பழைய முறையில் ஔகாரத்தின் பின்னுறுப்பும் ‘ள’ என்னும் எழுத்தும் ஒரே விசையில் வந்தன. ஆதலின் ‘கௌ’ என்பது ஓரெழுத்தா, ‘கெ’, ‘ள’ என்னும் ஈரெழுத்தா என்பதை மாற்றியால் எப்போதும் உறுதிசெய்ய இயலாது.

இரண்டாவது, ‘ஸ்ரீ’. ஒருங்குறியில் இதனை ஸகரத்தைக் கொண்டும், 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தோன்றும். தேடுபொறிக்கோ அவை வெவ்வேறு. சோழர் கல்வெட்டுகள் பல ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்குவதால், ஒரு தரவுத்தொகுதியில் இரு முறைகளும் கலந்தால் தேடல் முடிவுகள் பாதியாய்க் குறையவும் கூடும்.

மூன்றாவது, தமிழ் எண்கள். ‘௧’ என்னும் எண்ணுக்குக் ககரமும், ‘௨’ என்பதற்கு உகரமும், ‘௭’ என்பதற்கு எகரமும் இடப்பட்டிருப்பின் அவற்றை மனிதக் கண்ணே பிரித்தறிய வேண்டும்.

நான்காவது, இருமொழிப் பகுதிகள். பாமினி வகையில் ஆங்கிலச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒரே குறியிடங்களைப் பயன்படுத்துவதால், எது எம்மொழி என்பதை எழுத்துருப் பெயர் ஒன்றே காட்டும். கோப்பை வெற்று உரையாகச் சேமித்தால் அச்சான்று அழிந்துபோகும். எனவே எழுத்துரு விவரத்தோடு கூடிய வேர்ட் கோப்பிலிருந்தே மாற்றுதல் வேண்டும்.

6. முடிவெடுக்கும் வரிசை

மேற்கண்டவற்றால் பின்வரும் வரிசை பெறப்படுகிறது.

அ. கணினியிலுள்ள கோப்புகளையும், அவை எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில் உள்ளன என்பதையும் பட்டியலிடுதல்.

ஆ. எழுத்துருக் கோப்புகள் உட்பட அனைத்தையும் இரு படிகள் எடுத்தல். அவற்றுள் ஒன்றை வேறோர் ஊரில் வைத்தல். 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒருசேரத் தாக்கியதை நினைத்தால், ஒரே கட்டடத்தில் இரு படி வைப்பது காப்பாகாது என்பது விளங்கும்.

இ. பழைய கணினி இயங்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றி, பழைய திரைத்தோற்றத்தோடு ஒப்பிட்டுத் திருத்துதல். ஒப்பிடுவதற்கு மூலத் தோற்றம் தேவை. அதனைத் தருவது பழைய அமைப்பே.

ஈ. அதன்பின் கணினியின் தகுதியை நோக்குதல். தகுதியுடையதெனில் விண்டோஸ் 11க்கு மாறலாம். தமிழ்99 விசைப்பலகை அதில் உள்ளமைந்தே வருகிறது. தகுதியற்றதெனில், தனிநபர்க்கு 2026 அக்டோபர் 13 வரை அறிவிக்கப்பட்ட நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்து காலம் பெறலாம். அல்லது லினக்ஸ் நிறுவலாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழக மாணவர்க்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளிலும் இடம்பெற்றிருந்தமையால் பலர்க்கு அறிமுகமானதே.

உ. பழைய மென்பொருளில் மட்டுமே திறக்கும் கோப்புகள் எஞ்சின், அவற்றிற்கென ஒரு கணினியை இணையத் தொடர்பின்றித் தனியே பேணுதல்.

முடிவுரை

இயங்குதளங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறும்; தரவுகளோ தலைமுறைகள் கடந்து பயன்பட வேண்டியவை. இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டு உரையைப் பின்னர்ப் பார்க்கலாம் என்றால், ஒப்பிட்டுத் திருத்துவதற்கான மூலத் தோற்றமே கைநழுவும். மாற்றமே வேண்டாம் என்று இருந்தாலோ, உரையும் கருவியும் ஒருசேர அழியும் நாளுக்குக் காத்திருப்பதாகிவிடும். எழுத்துருவின் பிடியிலிருந்து உரையை விடுவித்தபின், எந்த இயங்குதளம் என்னும் வினா பொருட்செலவும் வசதியும் பற்றிய எளிய வினாவாகச் சுருங்கிவிடுகிறது. துறைதோறும் மூத்த ஆய்வாளர்களின் பழைய கணினிகளைக் கழிவுக்கு அனுப்புமுன் அவற்றிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும் பணியை முதுகலை மாணவர்களின் பயிற்சியாகவே அமைக்கலாம். மூலத் தோற்றத்தைக் காட்டும் கணினியும், பாடத்தை அறிந்த ஆய்வாளரும் ஒருங்கே இருக்கும் காலத்திலேயே இப்பணி நிறைவேறத்தக்கது.