வாசலில் கூட்டித் தள்ளும் நெற்று, கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு வீடு: எப்படி?

மாசி, பங்குனி வந்துவிட்டால் திண்டுக்கல் பக்கம் சாலையோர வாகை மரங்கள் சத்தம் போட ஆரம்பித்துவிடும். இலை உதிர்ந்த கிளைகளில் காய்ந்த நெற்றுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கி, காற்றடிக்கும்போதெல்லாம் சலசலக்கும். அந்த ஓசையைக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தர்களின் பறையொலிக்கு ஒப்பிட்டிருக்கிறது குறுந்தொகை. நமக்கோ அது காலையில் கூட்டித் தள்ள வேண்டிய குப்பை. சாயங்காலம் அதற்குத் தீ.

இதே மாதிரியான நெற்றுகளைத் தேடிப்பிடித்து, காசு கொடுத்து வாங்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. கண்ணாடிக்குள் குட்டிக் காடு வளர்ப்பவர்கள்தான் அவர்கள். அவர்களுக்கு நெற்று எதற்கு? நம் ஊரில் எது சரிப்படும், எதைத் தொடவே கூடாது?

பயோஆக்டிவ் டெரேரியம் என்றால் என்ன?

1829-ல் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் போட்டு மூடிவைத்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணில் தானாகவே ஒரு பெரணிச்செடி முளைத்தது. மண்ணிலிருந்து ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே இறங்குவதை அவர் கவனித்தார். அப்படிப் பிறந்ததுதான் ‘வார்டியன் பெட்டி’. 19-ம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் தேயிலைக் கன்றுகளை அனுப்பியது இந்தப் பெட்டிகளில்தான்.

இன்றைய டெரேரியம் அதன் வாரிசு. சாதாரண டெரேரியத்தில் ஓர் இலை அழுகினால் நாம்தான் எடுத்துப்போட வேண்டும். பயோஆக்டிவ் டெரேரியத்தில் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறது. ஸ்பிரிங்டெயில் எனும், கடுகைவிடச் சிறிய துள்ளும் உயிரி. ஐசோபாட் எனும், கல்லைப் புரட்டினால் ஓடும் சாம்பல்நிறப் பூச்சி. நாம் ரயில் பூச்சி என்று சொல்லும் மரவட்டை. பூஞ்சையையும் அழுகலையும் தின்று, எச்சமாக வெளியேற்றி, செடிக்கு உரமாக்கும் துப்புரவுப் படை இது.

நெற்று என்ன வேலை செய்கிறது?

ஒன்று, வீடு. ஐசோபாட்டைப் பூச்சி என்கிறோமே தவிர, அது இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரன். செவுள் போன்ற உறுப்பால் மூச்சு விடுகிறது. உடம்பு காய்ந்தால் செத்துப்போகும். கவிழ்த்துவைத்த நெற்றின் அடிப்புறம் இருட்டாகவும் ஈரமாகவும் இருப்பதால், பகல் முழுக்க அங்கே ஒண்டிக்கொள்ளும். வயிற்றடிப் பையில் முட்டைகளைச் சுமக்கும் தாய்க்கும் அதுதான் பாதுகாப்பு.

இரண்டு, சாப்பாடு. காய்ந்த இலை சீக்கிரம் மக்கிவிடும். கெட்டியான நெற்றில் மரத்தைப் போலவே லிக்னின் அதிகம். அதைப் பூஞ்சை மெல்ல மெல்லத்தான் இளக்கும். பூஞ்சையை ஸ்பிரிங்டெயில் மேயும். இளகிய ஓட்டை ஐசோபாட்டும் மரவட்டையும் கொறிக்கும். இலை தீர்ந்துபோன பிறகும் கைகொடுக்கும் சேமிப்பு மாதிரி இது.

மூன்று, ஈரம். ஊறிய நெற்று தண்ணீரைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சித்திரை வெயிலில் நம் பக்கத்து வீடுகளுக்குள் இருக்கும் சூட்டுக்கு இது பெரிய உதவி.

எதை எடுக்கலாம்?

குல்மோகர்: சின்ன வயதில் கத்திச்சண்டை போட்டோமே, அதே நெற்றுதான். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். நெற்று மரக்கட்டை போல உறுதியானது. ஒரு ஜாண் அளவுக்கு ஒடித்துக் கவிழ்த்தால் அருமையான கூரை.

மகாகனி: முற்றி வெடித்த காயின் ஓடுகள் சின்னப் படகு போல இருக்கும். தோப்புகளில் தரையில் கிடக்கும்.

இலவம்: இலவு காத்த கிளி ஏமாந்துபோன காய். பஞ்சை எடுத்த பிறகு மிஞ்சும் ஓட்டில் ஐசோபாட் ஏமாறாது.

வாகை: மெல்லியது, சீக்கிரம் மக்கும். வீட்டைவிட உணவாகத்தான் அதிகம் பயன்படும். விதையைத் தட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குடுவைக்குள் வாகைக் கன்று முளைக்கும்.

எதுவுமே கிடைக்கவில்லையா? பாதி கொட்டாங்குச்சி போதும்.

எது கூடாது?

தூங்குமூஞ்சி மரம், சீமைக்கருவேலம், புளி ஆகியவற்றின் காய்களில் இனிப்புச் சதை இருக்கிறது. ஈரம் பட்டால் புளித்து, எறும்பையும் ஈயையும் கூப்பிடும். வேம்பும் புங்கமும் பூச்சிவிரட்டிகள். பூச்சிகளை வளர்க்கும் இடத்தில் அவற்றுக்கு வேலையில்லை. அரளிக்காய், ஊமத்தங்காய், குன்றிமணி மூன்றும் மனிதருக்கே விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவை வேண்டவே வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. அலங்காரத்துக்கு விற்கும் காய்ந்த தாமரைக்காய் போன்றவை பெரும்பாலும் வெளுக்கப்பட்டு, சாயமோ வார்னிஷோ ஏற்றப்பட்டவை. ஜாடிக்கு அழகு, ஐசோபாட்டுக்கு ஆபத்து. மருந்து தெளித்த தோட்டத்து நெற்றும் அப்படித்தான்.

எப்படித் தயார் செய்வது?

தரையில் தட்டி உதறுங்கள். உள்ளே தேள் குட்டியோ எறும்போ இருக்கலாம். விதை, தூசியை நீக்கிப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவையுங்கள். இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் டப்பாவில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். குடுவையில் போடும் முன் ஒரு ராத்திரி நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, குழிந்த பக்கம் கீழே வரும்படி பாதி மண்ணில் புதையுங்கள். அவ்வளவுதான்.

கூடவே முட்டை ஓட்டை நுணுக்கி ஒரு சிட்டிகை தூவுங்கள். ஐசோபாட்டின் மேலோட்டுக்குக் கால்சியம் தேவை. குடுவையை நேரடி வெயிலில் வைக்காதீர்கள். மூடிய கண்ணாடிக்குள் எல்லாம் வெந்துபோகும்.

முதல் சில வாரங்கள் நெற்றின்மேல் வெள்ளைப் பூஞ்சை படரும். “ஐயய்யோ, கெட்டுப்போச்சு” என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்பிரிங்டெயிலுக்கு அது விருந்து. நாற்றம் அடித்தால்தான் பிரச்சினை: தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். மூடியை ஒருநாள் திறந்துவையுங்கள்.

உயிர்களை எங்கே எடுப்பது?

உங்கள் வீட்டுப் பூந்தொட்டியை நகர்த்திப் பாருங்கள். அடியில் ஸ்பிரிங்டெயிலும் ஐசோபாட்டும் கிடைக்க வாய்ப்பு அதிகம். சிறுமலை போன்ற காப்புக்காடுகளிலிருந்து நெற்று உட்பட எதையும் எடுத்துவரக் கூடாது, சட்டப்படி குற்றம். வெளிநாடுகளில் பயோஆக்டிவ் தொட்டிகளில் பல்லி, தவளை வளர்க்கிறார்கள் என்று பார்த்து உடும்பையோ நட்சத்திர ஆமையையோ பிடித்துவைத்தால், 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். விலைக்கு வாங்கிய வெளிநாட்டு ஐசோபாட்டைத் தோட்டத்தில் விடுவதும் தவறு.

குடுவைக்கு வெளியே...

“குப்பையைப் போய் யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களா?” என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு மாதம் கழித்து அந்த நெற்றை மெல்லத் தூக்கிக் காட்டுங்கள். அடியில் குட்டிகளோடு ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருக்கும்.

மரத்தடியிலும் இதேதான் நடக்கிறது. நாம் தீ வைக்காத வரை. திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பை 2022 அக்டோபரில் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது தமிழ்நாடு அரசு. தேவாங்குக்கென நாட்டில் அமைந்த முதல் சரணாலயம் அது. தேவாங்கின் முக்கிய உணவு பூச்சி. இலைதழையும் நெற்றும் மக்கும் மண் இருந்தால்தான் பல பூச்சிகளுக்கு வாழ்வு.

எல்லோர் வீட்டிலும் குடுவை வைக்க முடியாது. ஆனால், கூட்டிய சருகையும் நெற்றையும் கொளுத்தாமல் மரத்தின் தூரிலேயே குவித்துவைக்க யாராலும் முடியும். மழை வந்ததும் மிச்ச வேலையை ரயில் பூச்சிகள் பார்த்துக்கொள்ளும்.