சீன மொழி மாணவர்களை வெளிநாடு அழைத்துப்போகணுமா? டிக்கெட்டுக்கு முன்னாடி முடிவாக வேண்டியவை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் குத்தம்பாக்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் உட்பட பல எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள் இருக்கும் பகுதி. மாண்டரின் தெரிந்தவருக்கு இந்த வட்டாரத்தில் ஒரு மதிப்பு உண்டு. அதனால்தான் 'அங்கேயே போய் ஒரு மாசம் படிச்சிட்டு வரலாமா?' என்ற கேள்வியும் வருகிறது.

போகலாம். ஆனால் ஒரு குழுவாகப் போகும்போது தப்பான வரிசையில் வேலையைத் தொடங்கினால் நஷ்டம் மாணவர்களின் குடும்பங்களுக்குத்தான்.

முதல் கேள்வி: சீனாவா, தைவானா?

இரண்டு இடத்திலும் பேசுவது மாண்டரின். எழுதுவது வேறு. சீனாவில் எளிதாக்கப்பட்ட எழுத்து, தைவானில் பழைய மரபு எழுத்து. தேர்வும் வேறு. சீனாவுக்கு ஹெச்.எஸ்.கே., தைவானுக்கு டி.ஓ.சி.எஃப்.எல்.

மாணவர்கள் இங்கே வகுப்பில் எந்த எழுத்தைப் படிக்கிறார்களோ, அதைப் பொறுத்து இடத்தை முடிவு செய்வதே நல்லது. ஃபாக்ஸ்கான் தைவான் நிறுவனம். ஆனால் அதன் மிகப்பெரிய ஐபோன் ஆலை இருப்பது சீனாவின் ஷெங்சோ நகரில். வேலையை மனதில் வைத்துப் படிப்பவர்கள் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டு, மற்றதைப் பிறகு பழகிக்கொள்ளலாம்.

விசா எங்கே வாங்குவது?

சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது. டெல்லியில் தூதரகம், மும்பையிலும் கொல்கத்தாவிலும் துணைத் தூதரகங்கள். எனவே பாஸ்போர்ட் வெளியூர் போய்த் திரும்பி வரும் நாட்களையும் கணக்கில் வைக்கணும். தைவானுக்கோ, 2012 முதல் சென்னையிலேயே தைபே பொருளாதார, கலாசார மையம் இயங்குகிறது.

சீனாவின் மாணவர் விசாவில் இரண்டு வகை. 180 நாட்கள் வரையிலான படிப்புக்கு எக்ஸ்2. அதற்கு மேல் என்றால் எக்ஸ்1. ஒரு மாதக் கோடைக்காலப் படிப்புக்கு எக்ஸ்2 போதும். இரண்டுக்குமே சீனப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் லெட்டர் தேவை. எக்ஸ்1 என்றால் ஜே.டபிள்யூ. 201 அல்லது 202 படிவமும் சேரும். சீனாவில் இறங்கி 30 நாட்களுக்குள் வசிப்பிட அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆக, வரிசை இதுதான்: பல்கலைக்கழகம், அட்மிஷன் லெட்டர், விசா, அதன் பிறகே விமான டிக்கெட். 'ஆஃபர் போகுது' என்று முதலில் டிக்கெட் போட்டால், விசா தாமதமானால் அந்தப் பணம் போச்சு.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

2020-ல் கொரோனா பரவியதும் சீனா எல்லையை மூடியது. ஊருக்குத் திரும்பியிருந்த 23,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களால் வகுப்புக்குப் போக முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். மாணவர் விசா மறுபடி கிடைக்கத் தொடங்கியது 2022 ஆகஸ்ட்டில்தான். இரு நாடுகளுக்கும் இடையே நேரடி விமானம் திரும்ப வந்தது 2025 அக்டோபரில், கொல்கத்தா–குவாங்சோ வழியில்.

மொழி படிப்பவரின் திட்டத்தை இரு அரசுகளின் உறவும் தீர்மானிக்கிறது. அதனால் கட்டணம் கட்டும் முன்பே, பயணம் ரத்தானால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கி, பெற்றோர்களிடமும் காட்டிவிடுவது நல்லது.

வீட்டோடு பேசுவது எப்படி?

பலரும் கவனிக்காத சிக்கல் இது. சீனாவில் வாட்ஸ்அப், கூகுள், ஜிமெயில் எதுவும் திறக்காது. அங்கே எல்லோரும் பயன்படுத்துவது வீசாட். ஆனால் அந்த ஆப் 2020 ஜூன் முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. பிள்ளை அங்கே, அம்மா இங்கே, நடுவில் பொதுவான ஆப் இல்லை!

இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் பொதுவாக வாட்ஸ்அப் வேலை செய்யும். குழுவில் ஒரு பொறுப்பாசிரியருக்காவது அது இருக்கணும். பணத்துக்கு யு.பி.ஐ.யை நம்ப வேண்டாம். வெளிநாட்டில் செல்லும் கார்டை அலிபேயில் இணைத்துக்கொள்ளலாம். ஹோட்டல் அல்லாத இடத்தில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீஸில் பதிவு செய்வது கட்டாயம். பல்கலைக்கழக விடுதி என்றால் அதை யார் செய்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

ஒரு மாசத்தில் என்ன கிடைக்கும்?

சரளமான மாண்டரின் கிடைக்காது. ஹெச்.எஸ்.கே.யின் ஆறு நிலை அமைப்பில் முதல் நிலைக்கு 150 சொற்கள், நான்காம் நிலைக்கு 1,200. அந்த உழைப்பை இங்கேயே போட்டாக வேண்டும். மாண்டரினில் நான்கு தொனிகள். தொனி மாறினால் 'மா' அம்மாவும் ஆகும், குதிரையும் ஆகும். கடைக்காரரிடமும் பஸ்ஸிலும் பேசிப் பேசித்தான் காது அதற்குப் பழகும். அடிப்படைச் சொற்களோடு போகிறவருக்கு அந்த ஒரு மாசம் பலன் தரும். எதுவும் தெரியாமல் போனால் அது வெறும் டூர்தான்.